ஒத்தைப் பனை நிறுத்தம்

இன்று காலை சந்தையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கரி வாடை என் தலைமுடி வரைக்கும் ஏறிவிட்டது. சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போன பிறகு பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டுகிறார்களே, அந்த வாடைதான். நீ தாவணி நுனியால் மூக்கைப் பொத்திக்கொள்வாய். மூக்கைப் பொத்துவதுகூட உனக்கு அழகாகத்தான் இருக்கும். நானும் ஒரு நாள் அப்படியே பொத்திப் பார்த்தேன். அம்மா, "இன்னாடி, சளி புடிச்சிக்கீதா?" என்று கேட்டாள்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இந்த மடலை எந்தப் பெட்டியில் போடுவது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்று பஸ்ஸில் ஒன்று நடந்தது. அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பழையதையும் சொல்லிவிடுகிறேன்.

குண்டு விழும் என்று பட்டணமே காலியானபோது, உன் அப்பா அம்மாவோடு நீ எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குக் குடி வந்தாய். நீ ஹைஸ்கூலில் நாலாவது பாரம் வரை படித்தவள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மல்லி மொட்டு பறிக்க அம்மாவுக்கு ஒரு கை வேண்டியிருந்தது. யாராவது வீட்டுக்கு வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். நீ போய்ப் பாய் விரித்து உட்காரச் சொல்வாய், ஏதோ உன் வீடு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை நீ கோயிலுக்குக் கிளம்பும்போது அம்மா தன் கையால் தொடுத்த சரத்தை உன் தலையில் வைத்துவிடுவாள். எனக்கு நானே வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்கு நடந்துதான் போவாள். ஆவடியிலிருந்து வரும் பஸ் எங்கள் ஊர் ஏரிக்கரை வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. ஏற்றத்தில் நிறுத்தினால் கரி வண்டி மறுபடி இழுக்காது என்பார்கள். அம்மா நடந்து போய்ச் சேர்வதற்குள் பாதி மொட்டு வாய் திறந்துவிடும். மலர்ந்த பூவைச் சந்தையில் யாரும் கையால் தொடமாட்டார்கள். அதற்குள் அவளுக்கு முழங்காலும் வீங்கிவிடும்.

வந்த மாதத்திலேயே நீ கேட்டாய்: "ஏன் அத்தை நடக்கறீங்க? பஸ்தான் போகுதே."

"அது இன்னா நம்ம ஊட்டு மாடா, கூப்ட்டா நிக்கறதுக்கு?" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. பட்டணத்தில் டிராம் நிற்கும் இடத்தையெல்லாம் ஆட்கள் மனுக் கொடுத்துத்தான் வாங்கினார்கள் என்று உன் அப்பா சொன்னதாகச் சொன்னாய். பிறந்ததிலிருந்து அந்த ரோட்டைப் பார்க்கிறவள் நான். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. அன்றைக்குத்தான் உன்மேல் எனக்கு முதல் பொறாமை, பேர் சொல்லக்கூடிய பொறாமை, வந்தது.

ஆனால் பனைமரத்தைச் சொன்னது நான். பூப் பறிக்கும்போது உன்னிடம் மட்டும் சொன்னேன். ஏற்றம் முடிந்து வளைவு தாண்டினால் ஒத்தைப் பனையடியில் ரோடு சமமாக இருக்கிறது, அங்கே நின்றால் வண்டி கஷ்டப்படாது என்று. மறுநாள் ஊர்க்காரர்கள் கூடியிருந்தபோது நீ அதை எடுத்துச் சொன்னாய். "இன்னா மூள பாரு இந்தப் பட்டணத்துப் பொண்ணுக்கு" என்றார்கள். நீ ஒரு தடவை என் பக்கம் திரும்பினாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீயும் என் பேரை எடுக்கவில்லை.

மனுவை நீ எழுதினாய். ரோடு விவகாரம் பார்க்கும் பூந்தமல்லி போர்டுக்கு ஒன்று, பஸ் கம்பெனிக்கு ஒன்று, இரண்டு பிரதி வேண்டும் என்று இரண்டாவதைப் பார்த்து எழுத என்னிடம் கொடுத்தாய். கடைசி வரியில் என் பேனா நின்றது. "ஆகவே எங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸை நிறுத்த உத்தரவு செய்ய வேண்டுகிறோம்" என்று எழுதியிருந்தாய்.

உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நீ வருவதற்கு முந்திய வருஷம் அந்த பஸ் ஒரு கன்றுக்குட்டியை அடித்துப் போட்டது. அப்போது ஊரே போர்டு ஆபீசுக்குப் போய், "பஸ்ஸ நிறுத்து" என்றுதான் கத்தியது. பஸ்ஸே வேண்டாம் என்ற அர்த்தத்தில். அதே வார்த்தை, அதே ஊர். படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

என் பிரதியில், "பஸ் ஒத்தைப் பனையடியில் நின்று ஆட்களை ஏற்றிச் செல்ல" என்று மாற்றி எழுதினேன். உன்னுடையதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலாவது பாரத்துத் தமிழ் தானே போய் மாட்டிக்கொண்டு நிற்கட்டும் என்று நினைத்தேன். உன் பிரதி போர்டுக்குப் போயிற்று. என்னுடையது கம்பெனிக்குப் போயிற்று.

போர்டு கூட்டத்தன்று அம்மா பூக்கூடையோடுதான் வந்தாள். அங்கிருந்து அப்படியே சந்தைக்குப் போக வேண்டும். குமாஸ்தா உன் மனுவில் கடைசி வரியை மட்டும் படித்தார். பிரசிடெண்டு சிரித்தார். "கன்னுக்குட்டி கோவம் இன்னும் தீரலியா? சரி, நிறுத்திடலாம்" என்றார். கம்பெனி மேனேஜர் உடனே எழுந்து, அந்த ஏற்றம் எங்களுக்கும் தொல்லைதான், ஊரே வேண்டாம் என்றால் வேறு ரோட்டில் விட்டுக்கொள்கிறோம் என்றார். திறந்திருந்த அவர் தோல்பைக்குள் என் பிரதி தெரிந்தது. அவர் அதை வெளியே எடுக்கவில்லை.

நீ எழுந்து, அர்த்தம் அது இல்லை என்றாய். "எழுதினது நீதானேம்மா? எழுதிக் குடுத்துட்டு இப்ப மாத்திப் பேசினா எப்படி?" என்று பிரசிடெண்டு கேட்டார். மெம்பர்கள் சிரித்தார்கள். உன் கண்ணில் தண்ணீர் நின்றது.

மறைக்கமாட்டேன், எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அந்த அறை முழுக்க உன்னைப் பார்த்துச் சிரித்ததில் எனக்கு ஒரு குளிர்ச்சி.

அதே நேரத்தில் மல்லி வாசனை வந்தது. அம்மாவின் கூடையில் மொட்டு வாய் திறக்க ஆரம்பித்திருந்தது. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கையை முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குமாஸ்தா உத்தரவை எழுதப் பேனாவை மையில் தொட்டார்.

"ஐயா, அவரு பையில இன்னொரு காயிதம் கீது. அதப் படிக்கச் சொல்லுங்க."

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். மேனேஜர் வேண்டாவெறுப்பாகக் காகிதத்தை எடுத்தார். குமாஸ்தா படித்தார், இந்தத் தடவை முழுதும். நீ எட்டி அந்தக் காகிதத்தைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். என் உருண்டை எழுத்து உனக்குத் தெரியாதா?

பனையடியில் பஸ் நின்று போக உத்தரவு ஆயிற்று. குமாஸ்தா இரண்டு காகிதத்தையும் சேர்த்து ஒரே குண்டூசியில் குத்தி வைத்தார்.

அம்மா சந்தைக்குப் போய்விட, நாம் இரண்டு பேரும் நடந்து திரும்பினோம். ஏரிக்கரை வந்ததும் நீ கேட்டாய்:

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"எழுதும்போதே."

"பனைமரம் நீ சொன்னதுன்னு நான் சொல்லியிருக்கணும். எல்லாரும் என்னையே பாத்துக்கினு இருந்தாங்களா, நல்லா இருந்துச்சு" என்றாய். அப்புறம், "உங்கம்மா மாதிரி எங்கம்மா எனக்கு ஒரு நாள்கூடப் பூ வெச்சதில்லடி" என்றாய்.

பயம் தணிந்ததும் நீங்கள் பட்டணம் திரும்பினீர்கள். அடுத்த மழையில், விஷ ஜுரத்தில் நீ போய்விட்டாய் என்று உன் அப்பா கார்டு போட்டிருந்தார். அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அவள் அழுத அழுகையைப் பார்த்து, நான் செத்தால் இவ்வளவு அழுவாளா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை எழுதிவிட்டேன். சனிக்கிழமை ராத்திரியானால் இன்னும் ஒரு முழம் அதிகமாகத் தொடுத்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதை எனக்கு வை என்று நான் கேட்டதில்லை.

நிறுத்தத்துக்கு உன் பேர்தான், தெரியுமா? "பட்டணத்துப் பொண்ணு பனை" என்றுதான் கண்டக்டர்கள் கூவுகிறார்கள். உன் மனு, உன் கண்ணீர், அதுதான் ஊருக்கு ஞாபகம். நான் அன்று பேசியது அம்மாவுக்கு மட்டும்தான் ஞாபகம். பனையைக் காட்டியவள் யார் என்று அவளுக்கும் தெரியாது.

இன்று வந்தவன் புதுக் கண்டக்டர். நான் இறங்கும் இடத்தைச் சொன்னதும், "அது இன்னா பேரு? அந்தப் பட்டணத்துப் பொண்ணு நீதானா?" என்று கேட்டான். பஸ்ஸில் எல்லாரும் திரும்பினார்கள். ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரே ஒரு வார்த்தை. உன் நடை, உன் பேச்சு, உன் பூ, எல்லாம் ஒரு நிமிஷம் என்னுடையதாக இருந்திருக்கும்.

"இல்ல. அவ போய்ட்டா" என்றேன். "மனு அவ எழுதினா. பனைய காட்டினது நானு."

ஒரு கிழவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உன்மேல் வந்த பொறாமை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை எங்கேயும் இறக்கி வைக்க மனம் வரவில்லை. உன்னுடையதாக என்னிடம் வேறு என்ன இருக்கிறது? தூரத்தில் ஒத்தைப் பனை தெரிந்தது. கண்டக்டர் வண்டியை நிறுத்தச் சொல்லி "ஓல்டான்" என்று குரல் கொடுத்தான். காலிக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பஸ் நின்றது.