அத்தான் பொய் சொல்வதில்லை

மார்ச் 3, ஞாயிறு

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அத்தான் (என் வீட்டுக்காரரின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக்) வழக்கம்போல மதியம் சாப்பிட வந்தார். நான் வேலை செய்யும் பல் கிளினிக்கின் டாக்டரம்மாவும் வந்திருந்தார். புது ஆள் கிடைத்த குஷி அத்தானுக்கு. லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டதாம், உள்ளே ஒரு மந்திரி, அத்தான் மேலிருந்து ஒற்றைக் கையால் அவரைத் தூக்கிவிட்டாராம். போன மாதம் இதே கதையைச் சொன்னபோது லிஃப்டில் இருந்தவர் பேங்க் மேனேஜர். “அத்தான், புளுகினது போதும், சாப்பிடுங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பாதியில் எழுந்து கை கழுவிவிட்டார்.

மார்ச் 10

அத்தான் வரவில்லை. வேலையாம். ஞாயிற்றுக்கிழமை எந்த லிஃப்ட் இவரைத் தேடி அழுகிறதாம்?

மார்ச் 12

வீட்டில் சண்டை. தன் அண்ணன் பொய்யே சொல்லமாட்டான் என்கிறார் இவர். அப்போ மந்திரி? “அது புளுகு. அது வேற.”

என்ன வேற? டாக்டரம்மா வீட்டில் குளித்துக்கொண்டிருக்கும்போதே, “வந்துட்டே இருக்காங்க” என்று கிளினிக்கில் காத்திருப்பவர்களிடம் தினமும் நான் சொல்கிறேனே, அது பொய். ஆளை உட்கார வைக்கச் சொல்வது. புளுகினால் யாருக்கு என்ன லாபம்? கேட்க ஓர் ஆள் கிடைப்பார், அவ்வளவுதான். அப்படியென்றால் நான் சொன்னது சின்ன வார்த்தைதானே. இதற்கா இவ்வளவு வீம்பு?

மார்ச் 17

இன்றும் வரவில்லை. இவர் தட்டில் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இவருக்கு இருப்பது ஒரே அண்ணன். என் வாயால் அதுவும் போய்விடுமோ — பயமாக இருக்கிறது.

மார்ச் 20

நானே அத்தான் வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தார். கதை மட்டும் ஒன்றுகூட வரவில்லை. “பொய்யன்னா சொன்னேன் அத்தான்? சும்மா புளுகுன்னுதானே...” என்று இழுத்தேன்.

“பொய்யன்னு சொல்லியிருந்தா பரவாயில்லம்மா. பொய்யின்னா ஒருத்தராவது நம்பியிருப்பாங்க. புளுகுன்னா, அங்க யாருமே நம்பலைன்னு அர்த்தம்.”

அடப்பாவமே! நாங்கள் நம்புகிறோம் என்றா இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்? அப்புறம் என் வாய் தன்பாட்டுக்கு அவிழ்த்துவிட ஆரம்பித்தது. டாக்டரம்மா அப்படியே நம்பிவிட்டார். கிளினிக் முழுக்க இதே பேச்சு. பல் பிடுங்க வந்த ஒருவர் அந்த மந்திரிக்கு மச்சினனாம். நடந்தது நிஜம்தான் என்று வாயில் பஞ்சோடு சத்தியம் செய்தாராம்.

அத்தான் என்னையே பார்த்தார். “மச்சினனா?” என்றார்.

மார்ச் 24, ஞாயிறு

வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும் முன்பே தம்பியிடம், “உன் பொண்டாட்டி என்னமா புளுகுறாடா!” குரலில் அப்படியொரு பெருமை.

என் பக்கம் திரும்பி, “மச்சினன் வேணாம்மா, விசாரிச்சா மாட்டிக்குவ. தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கோ” என்றார். இவர் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.