வால்வை மூடிய கடிதம்

மார்ச் 3
வீட்டு ஜன்னலுக்கு எதிரே இருக்கும் சதுக்கத்து நீரூற்றைப் பற்றி மாநகராட்சிக்கு மூன்றாவது கடிதம். அங்கே நிற்கும் மூன்று வெண்கலக் கொக்குகளில் ஒன்றின் அலகு கோணிவிட்டது. தண்ணீர் நேரே நடைபாதையில் விழுகிறது. நேற்று என் செருப்பெல்லாம் ஈரம். இரண்டு முறை படித்து, பிழை இல்லை என்று தெரிந்த பிறகே உறையை ஒட்டினேன். கான்வென்டில் சிஸ்டர் பழக்கியது.

மார்ச் 11
ஆட்கள் வந்தார்கள். அலகைத் தொடவே இல்லை. வால்வை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். நடைபாதை காய்ந்து கிடக்கிறது. நான் கேட்டது அதுதானே?

மார்ச் 14
ஹால் கடிகாரம் திடீரென்று பலமாகச் சத்தம் போடுகிறது. பழுது பார்ப்பவரை வரவழைத்தேன். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கடிகாரத்துல ஒண்ணும் இல்லீங்கம்மா. உங்க வீட்ல வேற சத்தமே இல்ல, அவ்வளவுதான்" என்றார்.
அதிகப்பிரசங்கி.

மார்ச் 17
கீழ்வீட்டுத் தையல்காரி படியில் மடக்கினாள். "கேட்டீங்களாம்மா? யாரோ வேலைவெட்டி இல்லாதவங்க பெட்டிஷன் போட்டு நிறுத்திட்டாங்களாம். சாயங்காலம் அங்க உக்காந்துதான் மனுஷங்களைப் பாத்துப் பேசுவோம். ஆள் மட்டும் கையில கிடைக்கட்டும்!"
"ஆமாம்" என்றேன். ஆமாமாம்! வாயைத் திறக்கத் தைரியம் இருந்ததா எனக்கு?

மார்ச் 20
அவர் போய் ஆறு வருடம். தனிமை எனக்குப் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் பெருமையடித்தேன். பழகவே இல்லையோ? இத்தனை நாளும் ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒன்று பேசிக்கொண்டே இருந்திருக்கிறது—

மார்ச் 21
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 24
மாநகராட்சி அலுவலகம். குமாஸ்தா ஃபைலைப் பிரித்து, "இந்த முத்து முத்தான கையெழுத்து உங்களுதா!" என்றார். "புகார் குடுத்தவங்களே வாபஸ் வாங்கினாத்தான் தண்ணிய விடுவாங்க. காரணத்தோட எழுதிக் குடுங்க. பேரோட ஒரு நகல் நீரூற்றுகிட்ட இருக்கிற அறிவிப்புப் பலகையில ஒட்டுவோம், அது விதி."
'அலகு சரியாகிவிட்டது' என்று எழுதினேன். பொய். கிழித்தேன். வேறு தாள் வாங்கி, 'வீட்டில் தனியாக இருக்கிறேன். அந்தச் சத்தம் வேண்டும்' என்று எழுதினேன். திரும்பப் படிக்காமல் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 27
தண்ணீர் வந்துவிட்டது. மாலையில் தையல்காரி பலகை முன் நின்று முழுவதும் படிப்பதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். உள்ளே போய்விடலாமா என்றிருந்தது, போகவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.
"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்களை என்ன கடிச்சா தின்னுடுவேன்? இறங்கி வாங்க, இடம் இருக்கு!"
போனேன். திரும்பி வர ஏழரை ஆகிவிட்டது.