புதுப் போனுக்கு இரண்டு வாரம்

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலிருந்தே காட்டுத்தீப் புகைமூட்டம். நகரிலேயே உயரமான கொம்தார் கட்டடத்தின் மேல்பாதி காணவில்லை. தொண்டையில் மணல்.

பாஸ் கூப்பிட்டார். மேசைமேல் கறுப்பாக ஒரு செங்கல். புது ஹேண்ட்போனாம். மூடியிருந்தால் போன். பெட்டி மாதிரித் திறந்தால் நீளத் திரை, கீழே பொடிப்பொடியாக எழுத்துப் பொத்தான்கள். பேக்ஸ் வரும், போகும். நாட்காட்டி உண்டு. மின்னஞ்சலும் உண்டாம். இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, சர்வீஸ் ஆட்கள் எல்லாருக்கும் இதை வாங்கலாமா என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

என் பேஜரைப் பிடுங்கி இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். இரண்டும் இருந்தால் பேஜரைத்தான் பார்ப்பாய் என்றார். உண்மைதான்.

ஜோசப் (என்னோடு கம்ப்ரசர் பார்க்கிறவன், வாய் ஓயாதவன்): "என்னடா மச்சான், பென்சில் டப்பாவா? உள்ள ரப்பர் இருக்கா?"

இடுப்பில் மாட்டினால் கால்சட்டை இறங்குகிறது. சட்டைப்பையில் வைத்தால் சட்டை ஒரு பக்கம் சாய்கிறது. முதல் நாள் முடிவு: உடம்பில் இதற்கு இடம் இல்லை.

என் மனைவி செல்விக்குப் புது நம்பர் சொல்லவேண்டும். உடனே.

செப்டம்பர் 10, புதன்

புகை குறையவில்லை. பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்ப்ரசர் அறைக்குள் மூன்று இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தன. காதில் அடைப்பான். போன் இடுப்பில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் பாஸிடமிருந்து வரிசையாக நான் எடுக்காமல் விட்ட அழைப்புகள். பழைய பேஜர் தொடையில் அதிரும். இது அதிராது. இதைச் செய்ய இவ்வளவு யோசித்தவன் அதை யோசிக்கவில்லை.

கையில் எண்ணெய். பொத்தான்கள் என் விரல் நகத்தில் பாதி. ஒன்றை அழுத்தினால் மூன்று எழுத்து.

இதெல்லாம் அறிக்கைக்கு. எனக்கென்று உள்ள கேள்வி ஒன்றுதான். செல்விக்கு வலி எடுத்தால் இது எனக்குச் சொல்லுமா?

தலைப் பிரசவம். பைராம் தோட்டத்தில் அத்தை (செல்வியின் அம்மா) வீட்டுக்கு ஏழாம் மாதமே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வீட்டில் போன் கிடையாது. சாமான் கடை வாசலில் காசு போடும் போன், அதுதான் லயத்து வீடுகள் அத்தனைக்கும்.

போன வருஷம் கரு கலைந்தபோது நான் கூலிமில் ஒரு இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவளே டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. இந்தத் தடவை ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டித் தோட்டத்துக்கு. பாலத்தின் நடுவில் கடலே தெரியவில்லை.

அத்தை வீட்டில் சிக்னல் இல்லை. வாசலில் இல்லை. கோயில் பக்கம் ஒரு கோடு வந்து போனது. லயமே கூடிவிட்டது. ஆளுக்கொரு தரம் திறந்து மூடினார்கள்.

அத்தை: "இதுல படம் வருமா தம்பி?"

"வராது அத்தை."

"இவ்ளோ பெருசா இருக்கு, படங்கூட வராதா?"

நியாயமான கேள்வி.

செல்வியின் தம்பி குமார் (தோட்டத்து லாரியில் வேலை) விஷயத்துக்கு வந்தான். கடைப் போனிலிருந்து அடித்தால், நான் எடுத்தால்தான் காசு விழும். அதனால் இங்கே எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான்: தினம் சாயங்காலம் இரண்டு தரம் மணியடித்துவிட்டு வைத்துவிடுவான். எல்லாம் சுகம் என்று அர்த்தம். நான் எடுக்கக் கூடாது. மூன்றாவது தரமும் அடித்தால் எடுக்க வேண்டும். வலி என்று அர்த்தம்.

"அவசரப்பட்டு எடுத்துறாதீங்க மாமா. போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா மருமவன் மொத மணியிலயே எடுத்துட்டாரு. 'ஒண்ணுமில்ல, சும்மாதான்'னு சொல்றதுக்குள்ள காசு போச்சு. அக்கா ஒரே ஏச்சு."

டாக்டர் மாதக் கடைசி என்று சொல்லியிருக்கிறார். செல்வி கால் வீங்கி உட்கார்ந்திருந்தாள். போனைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தாள்.

"இது அடிச்சா வந்துருவீங்களா?"

"வந்துருவேன்."

"பேஜருக்கும் இதையேதான் சொன்னீங்க."

"பேஜர் வேற, இது வேற. இது நேரா பேசும்."

"பேசட்டும் பாப்போம்," என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

மழை வரும்போல் இருந்து வரவில்லை. சாயங்காலம் போன் இரண்டு தரம் அடித்தது. நின்றது. நேற்றும் அப்படியே. முந்தாநாளும். இதற்காவது உதவுகிறது.

இதுவரை:

நாட்காட்டி. நன்று. ஆனால் என் சட்டைப்பைக் குறிப்பேடு இதைவிட வேகம்.

மின்னஞ்சல். இணைவதற்குள் தே தாரிக் தேநீர் ஆறிவிடுகிறது. இணைந்தால் எழுத ஆள் இல்லை. எனக்குத் தெரிந்தவர் யாருக்கும் மின்னஞ்சல் கிடையாது.

பேச்சுத் தெளிவு. நன்று. இதில் குறை சொல்ல முடியாது.

பேட்டரி. வெயிலில் நின்றால் அதற்கும் களைப்பு.

தமிழ் எழுத்து. இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

சாப்பாட்டுக் கடையில் மேசைமேல் வைத்தால் மரியாதை கிடைக்கிறது. தண்ணீர் தானாக வருகிறது. ஜோசப் இன்று அதை மூடிய நிலையிலேயே காதில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யாரோ பட்டம் பெற்ற பெரிய மனிதரோடு பேசுகிற மாதிரி நடித்தான். "ஆமா டத்தோ, சரி டத்தோ, நாளைக்கு கோல்ப் முடியாது டத்தோ." கடைக்காரர் நம்பிவிட்டார். அறிக்கையில் எழுதவேண்டும்: போன் வேலை செய்யாவிட்டாலும் பயன் உண்டு.

தூக்கம் போதவில்லை. புகைக்குக் கண் எரிகிறது.

செப்டம்பர் 20, சனி

கையெழுத்து கோணல். ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன்.

பாஸ் ஈப்போவில். பேக்ஸ் இன்னும் சோதிக்கவில்லையே, மத்தியானத்துக்குமேல் அங்கிருந்து ஒரு வரைபடம் அனுப்புகிறேன், தயாராக வை என்றார். பேக்ஸுக்கென்று தனி நம்பர் போன் கம்பெனி நமக்கு இன்னும் தரவில்லை. அதனால் போனிடம் சொல்லிவைக்க வேண்டும்: இனி வருகிற அழைப்பையெல்லாம் பேக்ஸாக எடு என்று. காலையிலேயே சொல்லிவைத்தேன். ஜெலுத்தோங்கில் என் வாடகை அறையில் படுத்துக் காத்திருந்தேன்.

போன் ஒரு தரம் அடித்தது. தானே எடுத்தது. 'பேக்ஸ் வருகிறது' என்று திரையில். பிறகு 'தவறியது'. மறுபடி ஒரு மணி. தவறியது. மறுபடி. ஈப்போ இயந்திரத்தைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன். அறிக்கைக்கு வாக்கியம்கூட அமைத்துவிட்டேன்: பேக்ஸ் நம்பத்தக்கதல்ல. குளித்தேன். சட்டை தேய்த்தேன். இன்னும் இரண்டு தரம் தவறியது. சிரிப்புத்தான் வந்தது.

அப்புறம் கீழே வாசலில் மோட்டார் சத்தம். குமார். தலையெல்லாம் தூசி. தோட்டத்திலிருந்து பாலம் தாண்டி வந்திருக்கிறான்.

"என்ன மாமா போன் அது? எடுத்த ஒடனே கீச்சுனு கத்துது! காசு போட்டா கத்துது, மறுபடி போட்டா மறுபடி கத்துது. கடைக்காரரு காதுல வச்சுப் பாத்துட்டு, 'லைன்ல பேய் பூந்துருச்சு தம்பி'ன்றாரு. ஆஸ்பத்திரி வாசல்லேருந்து அடிச்சேன், அங்கயும் அதே பேய்!"

"செல்வி?"

"காலையிலயே வலி. ஏறுங்க மாமா. கேள்வி அப்பறம் கேளுங்க."

முதல் மணியிலேயே தானாக எடுத்துக்கொள்கிற போனில் மூன்றாவது மணி எப்படி அடிக்கும்? பாலத்தில் பின்னால் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். போன் மேல் பிழை இல்லை. சொன்னதைச் செய்தது.

நாங்கள் போனபோது பிறந்து, துடைத்து, துணி சுற்றியாகிவிட்டது. பெண். இருவரும் சுகம்.

அத்தை என்னைப் பார்க்காமல் குமாரிடம் சொன்னார்: "நர்சுங்க கிட்ட கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாடா. வீட்டுக்காரரு வந்துருவாரு, அவரு கையிலயே போன் வச்சிருக்காருன்னு."

செப்டம்பர் 21, ஞாயிறு

லேசான மழை. புகை கொஞ்சம் அடங்கியது.

செல்வி பேசுகிறாள். தலையணை, வெந்நீர், பிள்ளைக்குத் துணி. நான் கேட்டதற்கெல்லாம் பதில் உண்டு. தானாக ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததை விளக்கப் பார்த்தேன். பேக்ஸ், தனி நம்பர், தானாக எடுக்கும் ஏற்பாடு. கேட்டுக்கொண்டாள். "சரிங்க," என்றாள். கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

பிள்ளைக்கு என் காது. அத்தை சொன்னார். எனக்குத் தெரியவில்லை.

போனை அணைத்துப் பைக்குள் போட்டிருந்தேன். இன்று முழுக்க.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் ஆபீஸ். அறிக்கை ஒரு பக்கம். கம்ப்ரசர் அறையில் கேட்காது. எண்ணெய்க் கைக்கு ஆகாது. இடுப்புக்குக் கனம். ஒரு வேலைக்குத் தயாராக வைத்தால் மற்ற வேலைக்குச் செவிடு. சர்வீஸ் ஆட்களுக்குப் பேஜர் போதும். பரிந்துரை: வேண்டாம்.

பாஸ் படித்தார். பெண் குழந்தைக்கு வாழ்த்துச் சொன்னார். தோளில் தட்டினார். பிறகு, எல்லாருக்கும் போன வெள்ளியே ஆர்டர் சொல்லியாகிவிட்டது, எதிர்க் கம்பெனி ஆட்கள் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், கஸ்டமர் பார்க்கிறான் லா என்றார். பேக்ஸ் விஷயம் என் பிழை, போனின் பிழை இல்லை என்றார். அதை நானே எழுதியிருந்தேன். என் செங்கல் எனக்கே. எப்போதும் அணைக்காமல் வைத்திருக்க வேண்டும். பேஜரைக் கேட்டேன். ஒப்பந்தம் முடித்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டதாம்.

ஜோசப்: "உன் ரிப்போர்ட்ட அவரு கக்கூஸ்ல வச்சுப் படிச்சிருப்பாரு மச்சான். போ, புள்ளையப் பாரு. நாளைக்கு பாயான் பாருவ நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் பார்வை நேரத்துக்கு ஆஸ்பத்திரி. அத்தை பசியாறப் போயிருந்தார். செல்வி என் மடியில் பிள்ளையைக் கிடத்தினாள். முதல் தடவை. கழுத்துக்குக் கீழே கை கொடுக்கச் சொல்லித் தந்தாள். முகத்தில் கொஞ்சம் பழைய செல்வி. ஞாயிறன்று பேச முடியாததை இப்போது பேசலாம் என்று வாய் திறந்தேன்.

இடுப்பில் போன். வார்டே திரும்பிப் பார்த்தது. பிள்ளை திடுக்கிட்டு அழுதது. திரையில் பாஸ் பெயர். இரண்டு மணி. மூன்று. நான் எடுக்கவில்லை. நான்கு.

செல்வி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "எடுங்க," என்றாள். "அவங்க கூப்புட்டா ஒழுங்காத்தான் அடிக்குது."

எடுத்தேன். துல்லியமாகக் கேட்டது.