எந்தப் பெயருக்குத் திரும்புவாய்?

என் கண்ணான தம்பி சண்முகத்துக்கு,

போய்ச் சேர்ந்தவனுக்குக் கடிதம் எழுதும் பைத்தியக்காரி என்கிறார் உன் அத்தான். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன ஏழாம் நாள், இன்சீனிலிருந்து ரயிலேறித் தாமுவேயில் இருக்கும் உன் வீட்டுக்குப் போனேன். உன் பர்மாக்காரப் பெண்டாட்டி மா சேன், பொங்கிகளுக்கு, அதுதான் அவர்கள் புத்த சாமியார்களுக்கு, சோறு ஆக்கி வைத்துவிட்டு வாசலில் நின்று "கோ மியா, கோ மியா" என்று அழைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டார் உனக்கு வைத்த பெயராம். ஏழு நாள் உயிர் வீட்டையே சுற்றுமாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் புண்ணியம் கொடுத்தால்தான் நிம்மதியாகப் போகுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரடி அந்தக் கோ மியா? செத்தது என் தம்பி சண்முகம்!"

"அக்கா, அவரு இந்த வீட்டுல பாடிக்கிட்டே இருப்பாரு. கூப்பிட்டா வருவாரு."

நீ பாடுவாயா? அம்மா போனபின் உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நான். ஒருநாள் கேட்டதில்லையே! எனக்குத் தெரியாமல் இன்னொரு நீ இருந்தாயா? அந்த நினைப்பு நீ செத்ததைவிட அதிகமாகச் சுட்டது.

மாடியில் குடியிருக்கும் ஜப்பான்காரர், நாவல் எழுதுகிறவர், உடைந்த பர்மியப் பேச்சில் குறுக்கே வந்தார். "என்னிடம் அவர் பாடியதில்லை. சாயங்காலம் வந்து பேசாமல் பக்கத்தில் இருப்பார். பிரியம் வைத்தவர்கள் அவரில் ஆளுக்கொரு துண்டுதான் வைத்திருக்கிறோம். முழு ஆள் அவரிடமே இருந்தாரோ என்னவோ."

"கதை எழுதுகிறவர் வேறு எப்படிப் பேசுவார்!" என்று வெடுக்கென்று சொன்னேன். ஆனால் அழுகை வந்துவிட்டது.

மா சேன் மெதுவாகப் பாடிக் காட்டினாள். "காக்கா காக்கா கத்தாதே, தம்பி கண்ணு தூங்கணும்..." நான் உன்னைத் தூங்க வைக்கப் பாடியதடா! மூன்றாம் வரி மறந்துபோய் 'லல்லல்லா' போடுவேனே, அதே இடத்தில் அவளும் 'லல்லல்லா' போட்டாள்.

பாவி, என் முன்னால் ஒருதரம் பாடியிருக்கக் கூடாதா? வெட்கமா?

பொங்கிகள் வந்ததும், புண்ணியம் கொடுக்க வார்க்கும் தண்ணீர்ச் செம்பை அவள் என் கையில் கொடுத்தாள். "ரெண்டு பேரையும் சொல்லிக் கூப்பிடுவோம் அக்கா. எதுக்குத் திரும்புவாரோ தெரியாதே." சண்முகம் என்றேன். பிறகு நாக்குப் புரளாமல், கோ மியா என்றும் கூப்பிட்டேன். வந்தாயா?

இப்போது ஞாயிறுதோறும் தாமுவேக்குப் போகிறேன். அவள் வயிற்றில் உன் பிள்ளை உதைக்கிறது. பிறந்ததும் நான்தான் பாடித் தூங்க வைப்பேன். அந்த மூன்றாம் வரி போன வாரம் ஞாபகம் வந்துவிட்டது, தம்பி. வந்தால் என்ன? அதன் அப்பன் பாடியபடி 'லல்லல்லா' என்றே பாடுவேன்.

சண்முகத்துக்கும் கோ மியாவுக்கும் அக்கா,
காமாட்சி