சாமியாரைக் காண்டீனில் நிறுத்தினேன்

மார்சிலிங், சிங்கப்பூர்
6.12.1987

அன்பு மகள் உர்சுலாவுக்கு,

அப்பா லாசரஸ் எழுதுவது. அந்தக் குளிரில் ஆண்டவர் உனக்குத் துணையிருப்பாராக. கீழ்வீட்டு அஹமது கபீரின் மகன் இன்று லண்டனுக்குப் பறக்கிறான். அவன் கையில் இதைக் கொடுக்கிறேன். போனில் உன் குரலைக் கேட்டதுமே, "எல்லாம் நல்லாயிருக்கும்மா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. பேனாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

உன் தம்பி சவரிராஜ் ஆஸ்பத்திரியில் அதே படுக்கையில்தான். ஜூரோங்கில் கப்பல் தொட்டிக்குள் வெல்டிங் செய்தபோது குடித்த புகை, நுரையீரலை நனைந்த பஞ்சாக்கிவிட்டது. மெஷின்தான் அவனுக்காக மூச்சு விடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கும் அதே தாளத்தில் மூச்சு வருகிறது. நர்ஸ் பார்த்துவிட்டு, "அங்கிளுக்கும் ஒரு மெஷின் போடவா?" என்றாள்.

உன் ஆய்வுக்கூடத்திலிருந்து இந்த நோயைப் பற்றி நீ அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை முதலில் நானே படித்தேன். என் ஏழாம் வகுப்பு இங்கிலீஷுக்கு 'தி', 'ஆஃப்' இரண்டும் நன்றாகப் புரிந்தன. மிச்சத்தை டாக்டர் தனசேகரன் சொன்னார். ஸ்டீராய்டு காப்பாற்றும் என்கிறது ஒன்று; இந்த வருடம் வந்ததோ அதனால் பிரயோஜனம் இல்லை என்கிறது. ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றும் மெஷினை அமெரிக்காவில் வைத்துப் பார்த்தார்களாம். பத்தில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். "வருஷத்துக்கு ஒண்ணு வருது அங்கிள், அடுத்த வருஷமே இல்லைன்னுடுறாங்க. இப்போதைக்கு மெஷினும் பொறுமையும்தான் லா" என்றார்.

நம்பிக்கை சொன்னதையும் அதை மறுத்ததையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறாய். உனக்கும் போனில் வாய் வரவில்லை போலிருக்கிறது. என் மகள்தான் நீ.

உன் அம்மா சொல்வதைக் கேள். ஆண்டவர் கூப்பிட்டதும் கல்லறையிலிருந்து எழுந்து வந்த லாசரஸின் பெயரை எனக்கு வைத்தது வீணாம். "அதை அவனுக்கு வச்சிருந்தா எந்திரிச்சாவது வருவான். உங்களுக்கு எதுக்கு, ஞாயித்துக்கிழமை பூசைக்கே எந்திரிக்க மாட்டீங்க" என்கிறாள். சொல்லிவிட்டு சமையலறைக்குள் போய்விடுகிறாள்.

பங்குச் சாமியார் நோயில் பூசுதல் கொடுக்க இரண்டு தடவை வந்தார். அந்த எண்ணெய் நெற்றியில் பட்டால் முடிவு என்று நம் வீட்டில் ஒரு பயம், உனக்குத் தெரியும். இரண்டு தடவையும் அவரைக் காண்டீனுக்கு இழுத்துப் போய், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து, அந்தோனியார் திருவிழாவைப் பற்றிப் பேசியே திருப்பி அனுப்பிவிட்டேன். "இது சாவுக்கில்லைப்பா லாசரஸ், நோயாளிக்கு" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். நான் இன்னொரு பிசாங் கோரெங், அந்த வாழைப்பழ பஜ்ஜி, வாங்கினேன்.

இன்று காலை நானே பஸ் ஏறிப் போய் அவரைக் கூட்டி வந்தேன். காண்டீன் பக்கம் போகவில்லை; நேரே தம்பி படுக்கைக்குத்தான்.

டிக்கெட் கிடைத்தால் வா அம்மா. கிடைக்காவிட்டால் அழுதுகொண்டு உட்காராதே; ஆய்வுக்கூடத்துக்குப் போ. அடுத்த வருடமே இல்லை என்று ஆகிவிடாத ஒன்றைக் கண்டுபிடி. யார் வீட்டுப் பிள்ளையாவது அந்த மெஷினைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு நடந்து போகட்டும்.

தம்பி பங்குக்கும் சேர்த்து உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன்.

உன் அப்பா,
லாசரஸ்