மேற்கோள் குறிக்குள் என் வயிறு

ஜனவரி 9
பாப்பாவுக்குச் சளி. காப்பியடித்திருக்கிறதா என்று பார்க்கும் நகல் சோதனைக்கு ஆய்வேட்டை நூலகத்தில் கொடுத்தாயிற்று.

ஜனவரி 12
நூலகர் கூப்பிட்டார். "மூணாவது அத்தியாயம் முழுக்கச் சிவப்பா வருதும்மா. எங்கேருந்து எடுத்தீங்க?"

எங்கேயிருந்து எடுத்தேனா? தையல் ஆலைப் பெண்களின் முதுகுவலி பற்றி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஆலை ஆலையாக அலைந்து எழுதியது. திருத்தித் தருகிறேன் என்று வாங்கிப்போன என் வழிகாட்டி, அதை ஓர் ஆய்விதழில் தன் பெயரில் போட்டிருக்கிறார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கையெழுத்து'. எதையும் படிக்க மாட்டார், கையெழுத்து மட்டும் போடுவார்.

இப்போது திருடி நான். ஆய்வேடு குப்பைக்குப் போகும்.

ஜனவரி 13
வழிகாட்டியிடம் நேரிலேயே கேட்டேன். கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எல்லாம் நம்ம வேலைதானேம்மா. மேற்கோள் குறி போட்டு என் பேரைப் போட்டுடு. பிரச்சினை முடிஞ்சுது."

"புகார் கொடுத்தா?"

"அப்புறம் கையெழுத்து யார் போடுவாங்க?"

சிரிக்கிறார், பாவி. நான் எழுதினதுக்கு நானே இந்த ஆளை ஆதாரம் காட்டணுமாம்!

ஜனவரி 14
"விட்டுத்தொலை, பட்டத்தை வாங்கிட்டு வா" என்கிறார் கணவர். இவருக்கென்ன.

ஜனவரி 20
அந்தக் கட்டுரையை இன்றுதான் வரி வரியாகப் படித்தேன். பதினான்காம் பக்கம், அடிக்குறிப்பு: "ஏழு மாதக் கர்ப்பமாக இருந்ததால் மூன்றாம் மாடிக்கு ஏறி ஆய்வு செய்ய இயலவில்லை."

நான் எழுதிய அடிக்குறிப்பு. மனுஷன் அதையும் விடவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சரி சார். நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். மேற்கோள் குறி, உங்கள் பெயர், பக்க எண் – ஒன்றையும் விடமாட்டேன்.

பிப்ரவரி 3
கையெழுத்துப் போட்டார். வழக்கம்போலப் படிக்கவில்லை.

ஏப்ரல் 17
வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த அடிக்குறிப்பு மேற்கோளைச் சத்தமாகப் படித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்களுக்கு என்ன குழந்தை சார்?"

யாரும் சிரிக்கவில்லை. கையெழுத்து தண்ணீர் கேட்டார். அத்தியாயம் என்னுடையது என்று அந்த அம்மா அறிக்கையிலேயே எழுதிவிட்டார்.

ஜூன் 2
ஆய்விதழ் அவர் கட்டுரையை நீக்கிவிட்டது. என் ஆய்வேடு நாளை அச்சுக்குப் போகிறது. மாலையில் கையெழுத்து ஃபோன் செய்தார். குரலில் ஒரே தேன்.

"நன்றியுரைல என் பேர் இருக்குல்லம்மா?"

"எதுக்குன்னு சொல்லுங்க சார். பக்க எண்ணோட போடறேன்."

வைத்துவிட்டார். பாப்பா எழுந்துவிட்டாள்.