ஐந்துக்கு ஐந்து

மார்ச் 6

அன்புள்ள உங்களுக்கு,

இப்படித் தொடங்குவது சரியா என்று தெரியவில்லை. பெயரை எழுதக் கை வரவில்லை. 'என்னங்க' என்று எழுதினால், கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்கு வாசலில் நிற்பது போல இருக்கிறது. அதனால் இப்படி.

இங்கே அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாமா வழக்கம் போல. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் 'ம்', 'சரிங்க' தவிர எதுவும் பேசுவதில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். கோபமெல்லாம் இல்லை. அத்தை ஸ்பீக்கரைப் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வார்த்தை வருவதில்லை. கல்யாணமாகி நீங்கள் விமானம் ஏறும்வரை நாற்பது நாள்தான் ஒன்றாக இருந்தோம், அப்போதும் அதிகம் பேசிவிடவில்லை. எழுதினால் கொஞ்சம் வருகிறது.

நீங்கள் அனுப்பிய ஃபோர்மேன் தேர்வின் பழைய விடைத்தாளைப் பார்த்தேன். எதிர்காலத்துக்கு மட்டும் இருபது மார்க். மறுநாள் வேலையை ஃபோர்மேன்தான் முந்தின நாளே ஆங்கிலத்தில் எழுதி ஒட்ட வேண்டும் என்பதால் அப்படி வைத்திருப்பார்கள் போல. உங்களுக்கு நாலு. பத்துக் கேள்விக்கும் 'வில்' போட்டிருக்கிறீர்கள். இரண்டு இடத்தில் தானாகவே சரியாகிவிட்டது.

நமக்கு 'வருவேன்' ஒன்று போதும். அவர்களுக்கு மூன்று வேண்டியிருக்கிறது. நம் வீட்டையே வைத்துச் சொல்கிறேன். கதவு தட்டுகிறார்கள், 'நான் போய்த் திறக்கிறேன்' என்று எழுகிறேன். அந்த நொடியில் எடுத்த முடிவு, அதற்கு 'வில்'. குளியலறைக் குழாயை மாற்றப் போகிறேன் என்று மாமா ஒரு வாரமாகச் சொல்கிறார். மனதுக்குள் முடிவு முன்பே இருக்கிறது, அதற்கு 'கோயிங் டு'. பிளம்பரிடம் பேசி, அவரும் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வர ஒப்புக்கொண்டுவிட்டால் 'ஐ ஆம்' போட்டு வினையோடு 'ஐஎன்ஜி'. அதற்குத் தேதி வேண்டும், இன்னொரு ஆளின் சம்மதமும் வேண்டும்.

மற்றொரு செய்தி. தண்ணீர் மீட்டர் செய்யும் கம்பெனியில் நேர்காணலுக்குப் போயிருந்தேன் அல்லவா, கடிதப் பிரிவில் வேலை தருகிறார்கள். அலுவலகம் இங்கிருந்து ஐந்து மணி நேரப் பயணம். மே பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நேர்காணலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எப்படி எடுத்தார்கள் என்று புரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மனைவி


மார்ச் 19

அன்புள்ள பட்டதாரிக்கு,

உன் புருஷன் வெல்டர் எழுதுவது. லெட்டர் கைக்கு வந்ததும் ரூமில் மற்ற மூணு பேரும் 'என்னடா, காதல் கடிதமா'ன்னு பிடுங்கிப் படிச்சாங்க. குழாய், பிளம்பர், மாமான்னு இருந்ததைப் பார்த்துட்டு மரியாதையா திருப்பிக் குடுத்துட்டாங்க.

வாத்தியாரம்மா, எனக்கு ஒரு வில்லே வளைக்க வரல, நீ மூணு குடுக்கிற. ஆனா அந்தக் கதவு தட்டுறது புரிஞ்சுது. நேத்து பழகிக்கட்டும்னு வேலை ஷீட்டை என்னை எழுதச் சொன்னாங்க, 'கிரேன் வில் கம்'னு எழுதியிருந்தேன். இப்ப இருக்கிற ஃபோர்மேன் அடிச்சுட்டு, 'அது என்ன இஷ்டப்பட்டா வருமா? எட்டு மணிக்குப் புக் பண்ணியிருக்கு'ன்னு கத்தினார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு உன் பிளம்பர் ஞாபகம் வந்துச்சு.

வேலை விஷயம். நல்ல செய்தி, சந்தோஷம். ஆனா யோசிச்சுப் பாரு. நான் இந்தப் பரீட்சை பாஸ் பண்ணினா ஃபோர்மேன். ஃபோர்மேன் ஆனா குடும்பத்தோட இருக்க வீடு. உன்னை இங்க அழைச்சுக்குவேன். ரெண்டு மாசத்துக்காக ஒரு வேலையில சேர்ந்து, அப்புறம் விட்டுட்டு வர்றது எதுக்கு? அம்மாவும் தனியா இருக்காங்க. அப்பா இருந்தும் தனியாத்தான். கொஞ்சம் பொறு.

நல்லா சாப்பிடு. போன தடவை அனுப்பின போட்டோவில ரொம்ப இளைச்சுத் தெரியுற.

இப்படிக்கு,
இருபதுக்கு நாலு


மார்ச் 31

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஃபோர்மேன் கத்தியதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. அத்தை என்னவென்று கேட்டார். இலக்கணம் என்றேன், நம்பவில்லை.

இளைக்கவில்லை. அது அத்தையின் போன் கேமரா.

ஒரு சந்தேகம் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். 'உன்னை இங்க அழைச்சுக்குவேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஆங்கிலத்தில் சொல்வதானால் மூன்றில் எது? கேலிக்குக் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டுக்கு மனுக் கொடுக்கலாமா, எந்த மாதம் என்று எங்கள் வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்பதெல்லாம் அதை வைத்துத்தான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா மூட்டை இறக்கும் இடத்தில் எல்லோரிடமும் எனக்கு வேலை கிடைத்திருப்பதைச் சொல்லிவிட்டார். 'எப்ப சேருது பொண்ணு' என்று அங்கே தினமும் கேட்கிறார்களாம். இவர் 'மாப்பிள்ளைதான் சொல்லணும்' என்கிறாராம்.

இத்துடன் பயிற்சி ஒன்று. உங்கள் சொந்தத் திட்டங்களை வைத்து ஐந்து வாக்கியம் எழுதுங்கள். யோசித்து, பொருத்தமான எதிர்காலத்தைப் போடுங்கள். புத்தகத்து வாக்கியங்களை விட நம் வாழ்க்கையிலிருந்து எழுதினால் சீக்கிரம் மனதில் நிற்கும் என்று எங்கள் கல்லூரியில் சொல்வார்கள்.

மே பதினைந்து, மறக்க வேண்டாம்.

தங்கள் அன்பு மனைவி


ஏப்ரல் 12

அன்புள்ள பட்டதாரிக்கு,

ஷிஃப்ட் மாறிடுச்சு, அதான் லேட். கண்ணு ரெண்டும் எரியுது. உன் சந்தேகத்துக்கு நேர்ல பதில் சொல்றேன், லெட்டர்ல எழுதினா நீண்டுடும்.

ஹோம்வொர்க் முடிச்சுட்டேன். இங்கிலீஷ் எழுத்துல எழுதினா ஸ்பெல்லிங்ல மானம் போயிடும், அதனால தமிழ் எழுத்துலயே எழுதறேன். நீ காலத்தை மட்டும் பாரு.

ஐ ஆம் மூவிங் டு ரூம் நைன் ஆன் ஃப்ரைடே.
இட் இஸ் கோயிங் டு ரெயின். (வெளியே பார்த்துட்டுத்தான் எழுதினேன், கறுப்பா இருக்கு.)
ஐ ஆம் கோயிங் டு பை எ நியூ போன் ஃபார் மை மதர்.
ஐ ஆம் சைனிங் ஃபார் த்ரீ இயர்ஸ் ஆன் மே டுவென்டி.
ஐ வில் பிரிங் மை வைஃப் ஹியர்.

ஒவ்வொண்ணையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, காதுக்கு எது சரியாப் படுதோ அதை எழுதினேன். பத்து நிமிஷம்கூட ஆகல. மார்க் போட்டு அனுப்பு. கஞ்சத்தனம் பண்ணாதே.

இப்படிக்கு,
உன் மாணவன்


ஏப்ரல் 22

அன்புள்ள உங்களுக்கு,

திருத்திவிட்டேன். ஐந்தும் சரி. ஐந்துக்கு ஐந்து.

முதல் வாக்கியம்: வெள்ளிக்கிழமை, ஒன்பதாம் எண் அறை. ஏற்பாடு முடிந்துவிட்டது. சரி. இரண்டாவது: கண்ணெதிரே மேகம் இருக்கிறது, சரி. மூன்றாவது: அத்தைக்குப் போன் வாங்குவது என்று மனதில் வைத்திருக்கிறீர்கள், இன்னும் கடைக்குப் போகவில்லை. சரி. நான்காவது: தேதி இருக்கிறது, கையெழுத்து வாங்கப் போகிறவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வருடம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் இலக்கணப்படி சரி.

ஐந்தாவதையும் சரி என்றுதான் போட வேண்டியிருக்கிறது. அந்த நொடியில் தோன்றுவதற்கும் 'வில்'தான், வாக்குக் கொடுப்பதற்கும் 'வில்'தான். இரண்டில் இது எது என்று வாக்கியத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

கேட்கிறேன்.

தங்கள் மனைவி


மே 2

பட்டதாரிக்கு,

உன் லெட்டரை ஒன்பதாம் நம்பர் ரூமில படிச்சேன். அஞ்சுக்கு அஞ்சு வாங்கி யாராவது இவ்வளவு கேவலமா உணர்ந்திருப்பாங்களான்னு தெரியல.

உள்ளதைச் சொல்லிடறேன். ஃபோர்மேனுக்குக் குடும்ப வீடு கிடையாது. இன்ஜினியர்களுக்கு மட்டும்தான். பொண்ணு பார்க்க வந்தப்ப அம்மா சொன்னதை நானும் நம்பினேன், ஏன்னா அம்மாகிட்ட சொன்னதே நான்தான், எனக்குச் சொன்னது கூட வேலை பார்த்த ஒருத்தன். லீவு முடிஞ்சு திரும்பி வந்த அந்த வாரமே ஆபீஸ்ல போய்க் கேட்டேன். சிரிச்சுட்டு 'யார் சொன்னது'ன்னாங்க. இந்த வருஷத்துலேருந்து மூணு வருஷ ஒப்பந்தம் போட்டாத்தான் ஃபோர்மேன் தேர்வே எழுத விடுவாங்க.

அன்னிக்கே சொல்லியிருக்கணும். ஞாயித்துக்கிழமை போன் எடுப்பேன். ஸ்பீக்கர்ல அம்மா இருமுவாங்க, அப்பா டிவி சத்தத்தைக் குறைப்பார், நீ 'ம்'பே. இதை அந்த மேசை மேல எப்படிப் போட்டு உடைக்கிறது? லெட்டர்ல எழுதலாம்னு உட்கார்ந்தா உன் பாடம் வரும், அதுக்குப் பதில் எழுதி முடிச்சுடுவேன். நான் பொய் சொல்லணும்னு எழுதல. எழுதுற நேரத்துல எனக்கு அது உண்மையாத்தான் இருக்கும்.

இப்பவும் ஒண்ணு கேக்கறேன், திட்டாதே. அங்கேயே இரு. மூணு வருஷம் ஓடிடும். வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு தருவாங்க, எப்பன்னு இன்னும் சொல்லல. நீ அம்மா கூட இருக்கேன்னு நினைச்சா எனக்கு இங்க தூக்கம் வருது. வேற ஊர்ல ஒத்தையா ஹாஸ்டல்ல இருக்கேன்னா வராது.

இருபதாம் தேதி கையெழுத்து. நீ வேண்டாம்னா போடல.

இப்படிக்கு,
நான்


ஜூன் 3

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் பன்னிரண்டாம் தேதி கிடைத்தது. அடுத்த ஞாயிறு நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வந்து 'கையெழுத்துப் போடுங்க' என்று சொன்னபோது நீங்கள் மூன்று தடவை 'என்ன?' என்றீர்கள். லைன் சரியில்லை என்றுதான் மாமா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஃபோர்மேன் ஆக வேண்டும். அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

ஆனால் அதைச் சொல்லும் முன்பே நான் கம்பெனிக்குப் பதில் அனுப்பிவிட்டேன். நேற்று முன்தினம் வேலையில் சேர்ந்தேன்.

அத்தையிடம் நானேதான் சொன்னேன். நான்கு நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். 'அவன் சரின்னானா?' என்றார். இல்லை அத்தை என்றேன். மூன்று வருடத்தையும் சொன்னேன், வீடு இல்லை என்பதையும் சொன்னேன். கையிலிருந்த தலையணை உறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். 'என்கிட்ட ஏன்டி அவன் சொல்லல?' என்றார். சண்டை வரும் என்று பார்த்தேன். சாயங்காலம் வந்து, 'ஹாஸ்டல்ல போர்வை குடுப்பாங்களா, நாமதான் கொண்டு போகணுமா?' என்று கேட்டார். அப்பாவும் மாமாவும் பஸ் நிலையம் வரை வந்தார்கள். ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பையைத் தூக்கியதில் பையின் வார் அறுந்தது.

இங்கே எனக்கு ஜன்னலோரம் மேசை. மீட்டர் தாறுமாறாக ஓடுகிறது, ஓடவே இல்லை என்று வரும் புகார்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுத வேண்டும். முதல் நாளே பிரிவுத் தலைவி அம்மா ஒரு விதி சொன்னார். 'எந்தக் கடிதத்திலயும் தேதி போட்டுடாதே. வீ வில் லுக் இன்டு தி மேட்டர். அவ்வளவுதான். தேதி போட்டா பிடிச்சுக்குவாங்க.' ஒரு நாளைக்கு முப்பது 'வில்' எழுதுகிறேன். நல்ல எண்ணத்தோடுதான் எழுதுகிறேன். இப்போது உங்கள் மீது முன்னளவு கோபம் இல்லை.

ஆனால் எனக்கு அப்படி எழுத வேண்டாம். லீவு தாளில் உங்கள் அலுவலகத்தின் கையெழுத்து விழுந்த பிறகு தேதியை எழுதுங்கள். நானும் இங்கே லீவு சொல்லிவிடுகிறேன். அதுவரை வேறு செய்தி எழுதுங்கள். ஒன்பதாம் எண் அறையில் ஜன்னல் இருக்கிறதா, யார் குறட்டை விடுகிறார்கள், கண் எரிச்சலுக்கு மருந்து போட்டீர்களா. அதையெல்லாம் நான் ஆசையாகத்தான் படிக்கிறேன். உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று எழுதுகிறேன்.

தேர்வு இருபத்திரண்டாம் தேதி. அவசரப்படாமல் எழுதுங்கள். உங்கள் காதை நம்புங்கள், அது சரியாகத்தான் சொல்கிறது.

ஹாஸ்டலில் சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். எத்தனை காலம் தங்குவீர்கள் என்று ஒரு கட்டம். வார்டன் அம்மா, 'இப்போதைக்குக் காலியா விடும்மா, கல்யாணமான பொண்ணு, எப்ப வேணும்னாலும் கிளம்பிப் போகிற மாதிரி இருக்கும்' என்றார். காலியாக விடவில்லை. மூன்று வருடம் என்று நிரப்பி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

புது விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது.

அன்புடன்,
பட்டதாரி